தேசத்துக்காக ஜெபித்தால் தேசம் மாறுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நாடு நெருக்கடியில் இருக்கிறது. விலைவாசி, ஊழல், வன்முறை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சரிவு. உங்கள் சபையில் தேசத்தின் எழுப்புதலுக்காக, அதாவது ஆவிக்குரிய விழிப்புக்காக, உபவாச ஜெபம் நடக்கிறது, கூட்டத்துக்குக் கூட்டம் 2 நாளாகமம் 7:14 வாசிக்கிறார்கள்: என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி, ஜெபித்து, என்னைத் தேடி, பொல்லாத வழிகளை விட்டுத் திரும்பினால் நான் அவர்கள் பாவத்தை மன்னித்து அவர்கள் தேசத்தைக் குணமாக்குவேன் என்று கடவுள் சொல்லும் வசனம் அது. கிறிஸ்தவர்கள் மனந்திரும்பி ஜெபித்தால் நாடு மீளும் என்பது உண்மையிலேயே வேதம் தரும் வாக்குத்தத்தமா, வரலாற்றில் அப்படி எங்காவது நடந்திருக்கிறதா என்று கேட்கிறீர்கள். கடைசியில், நாடு மாறாவிட்டால் எங்கள் ஜெபத்தில்தான் குறையா என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனதை அரிப்பது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன், அதனால் கடைசியில் அதற்கு வருகிறேன். பல வருடங்களாகத் திருச்சபை வரலாறு கற்பித்து வருகிறேன், நானும் விசுவாசிதான். ஒரு நாட்டின் நிகழ்வுகளில் கடவுள் எந்த இடத்தில் கை வைத்தார் என்பதை வரலாற்று ஆவணங்களை வைத்து நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மக்கள் என்ன நம்பினார்கள், அந்த நம்பிக்கையால் என்ன செய்தார்கள், அதன் பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்ல முடியும். அந்த எல்லைக்குள் நின்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வசனம். சாலொமோன் ஆலயத்தைக் கட்டிப் பிரதிஷ்டை பண்ணிய பிறகு, இராத்திரியில் கர்த்தர் அவனுக்குத் தரிசனமாகிச் சொன்னது அது. முந்தின வசனத்தையும் சேர்த்து வாசித்தால் மழையில்லாமை, வெட்டுக்கிளி, கொள்ளைநோய் என்று அந்த மண்ணுக்கு வரக்கூடிய ஆபத்துகள் வரிசையாக வரும். உடன்படிக்கைக்குள் இருந்த ஒரு ஜனத்துக்கு, அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு தேசத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தை. இன்றைக்கு உலக வரைபடத்தில் இருக்கும் எந்த நாடும் அந்த இடத்தில் உட்கார முடியாது. புதிய ஏற்பாட்டில் 1 பேதுரு 2:9 'பரிசுத்த ஜாதி' என்று அழைப்பது பல தேசங்களில் சிதறிக் கிடக்கும் சபையைத்தான். ஆகவே 'நாம் இத்தனை நாள் உபவாசித்தால் இந்த நாட்டின் பொருளாதாரம் நிமிரும்' என்று ஒப்பந்தம்போல அந்த வசனத்தை எடுப்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்காக அந்த வசனத்தை மூடி வைத்துவிடவும் வேண்டாம். நாளாகமப் புத்தகங்கள் எழுதப்பட்டது சாலொமோன் காலத்தில் இல்லை. பாபிலோன் சிறையிருப்பு முடிந்த பிறகு, பெர்சிய ஆட்சியின் கீழ், ராஜாவும் படையும் இல்லாமல் ஒரு சின்ன மாகாணமாகச் சுருங்கிப்போன ஜனத்துக்காக எழுதப்பட்டவை அவை. நாட்டையே பறிகொடுத்து மீண்டவர்கள் இந்த வரியைக் கேட்டபோது, கதவு இன்னும் அடைபடவில்லை என்றுதான் அவர்களுக்குக் கேட்டிருக்கும். அப்புறம் ஒன்று கவனியுங்கள். தாழ்த்துவது, ஜெபிப்பது, தேடுவது, பொல்லாத வழியை விட்டுத் திரும்புவது என்ற நான்கும் கடவுளின் சொந்த ஜனத்தின் மேல்தான் விழுகின்றன. ஆட்சியாளர்களின் பாவம், சினிமாவின் பாவம், மற்ற மதத்தாரின் பாவம் என்று அந்த வசனத்தில் எதுவும் இல்லை. ஆனால் நான் உட்கார்ந்திருந்த எத்தனையோ தேச ஜெபக் கூட்டங்களில் அறிக்கையிடப்பட்டதெல்லாம் அங்கே வராதவர்களின் பாவம்தான். வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்கு வேதத்தில் மிக நெருங்கிய பதில் நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில் இருப்பதாக நினைக்கிறேன். பெர்சிய ராஜாவின் கீழ் யூதாவுக்கு ஆளுநராக வந்த நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது இடிந்த மதிலை, 52 நாளில் கட்டி முடித்ததைப் பிரசங்கிக்காத போதகர் இல்லை. ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எழும்பிய கூக்குரலைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள், ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கியவர்கள், பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தவர்கள் வந்து முறையிடுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் எதிரிகள் அல்லர், அதே ஜெபத்தில் நிற்கும் சகோதரர்கள். நெகேமியா பெரியவர்களைக் கடிந்துகொள்கிறான். அடுத்து அவன் சொல்வதுதான் என்னை எப்போதும் நிறுத்தும் இடம்: நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூட அவர்களுக்குப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்கிறான். தன் பெயரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறான். நிலங்களையும் வீடுகளையும், பணத்திலும் தானியத்திலும் திராட்சரசத்திலும் எண்ணெயிலும் வட்டியாக வாங்கிய நூற்றுக்கு ஒன்றையும் 'இன்றைக்கே' திருப்பிக் கொடுங்கள் என்கிறான். பன்னிரண்டு வருடம் ஆளுநருக்குரிய படியைத் தான் வாங்கவில்லை என்றும் அங்கேயே எழுதி வைத்திருக்கிறான். தேசத்தைத் திரும்பக் கட்டுவது என்றால் வேதத்தில் இப்படித்தான் இருக்கிறது: ஜெபம் இருக்கிறது, அதோடு கணக்கும் தீர்க்கப்படுகிறது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். பலர் முதலில் சொல்லும் உதாரணம் கொரியா. அது நல்ல உதாரணம்தான், ஆனால் சொல்லப்படுவதைவிடச் சிக்கலானது. 1905-இல் கொரியா ஜப்பானின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது, 1910-இல் முழுவதுமாக இணைத்துக்கொள்ளப்பட்டது. நடுவில், 1907 ஜனவரியில், பியோங்யாங்கின் ஜாங்தேஹ்யோன் சபையில் எழுப்புதல் வெடித்தது. அங்கே மூப்பராக இருந்த கில் சொன்ஜு எழுந்து நின்று ஒரு விஷயத்தை அறிக்கையிட்டார். சாகும் தறுவாயில் ஒரு நண்பர் தன் சொத்தைப் பார்த்துக்கொள்ளும்படி இவரிடம் ஒப்படைத்திருந்தார். அந்தப் பணத்தில் ஒரு பங்கை இவர் எடுத்துக்கொண்டிருந்தார். அதை விதவைக்குத் திருப்பிக் கொடுப்பதாகச் சபை முன்னால் சொன்னார். அதன் பிறகு திருட்டு, ஏமாற்று, பகை என்று ஒவ்வொருவராக அறிக்கையிட்டார்கள், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 1903-இல் வொன்சானில், ராபர்ட் ஹார்டி என்ற கனடா மிஷனரி தன் பெருமையையும் தன் ஊழியத்தின் தோல்வியையும் கொரிய விசுவாசிகள் முன் ஒப்புக்கொண்டிருந்தார். எழுப்புதலின் வேர் அங்கே இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன்.

இவ்வளவு நடந்தும் நாடு விடுதலையாகவில்லை. இருந்த கொஞ்ச சுதந்திரமும் மூன்று வருடத்தில் போனது. அரசியலிலிருந்து மக்களின் கவனத்தைத் திருப்பவே மிஷனரிகள் எழுப்புதலை ஊக்குவித்தார்கள் என்று பின்னால் கொரிய வரலாற்றாசிரியர்கள் சிலர் குற்றம் சாட்டினார்கள். தேசியக் கொந்தளிப்பில் சபை மூழ்கிவிடக் கூடாது என்று மிஷனரிகள் கவலைப்பட்டது அவர்களே எழுதி வைத்த செய்தி, ஆகவே அந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் 1919 மார்ச் 1-ஆம் தேதி சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் 16 பேர் கிறிஸ்தவர்கள், அவர்களில் ஒருவர் அதே கில் சொன்ஜு. அப்போது கிறிஸ்தவர்கள் அந்த நாட்டில் மிகச் சிறிய கூட்டம். எழுப்புதல்தான் அந்தப் பிரகடனத்தை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது, சொண்டோக்யோ என்ற கொரிய மதத்தாரும் பௌத்தரும் கூடவே கையெழுத்திட்டார்கள். ஆனால் ஊர் ஊராகக் கூடி, வாசித்து, தாங்களே தலைவர்களைத் தேர்ந்தெடுத்துப் பழகிய சபைகள் அந்த இயக்கத்துக்குக் கை கால்களாக இருந்தன என்பது உறுதியான செய்தி. அதற்காக அவர்கள் அடியும் வாங்கினார்கள். அந்த ஏப்ரலில் ஜேயாம்னி கிராமத்தில் ஆண்களை ஆலயத்துக்குள் கூட்டி ஜப்பானியப் படையினர் தீ வைத்தார்கள். கதை அங்கேயும் முடியவில்லை. எழுப்புதல் நடந்த அதே பியோங்யாங்கில், 1938-இல், பிரெஸ்பிடேரியன் பொதுப்பேரவை ஜப்பானிய அரசின் நெருக்குதலுக்குப் பணிந்து அவர்களுடைய ஷிண்டோ மதக் கோவில் வணக்கத்தை ஏற்றுத் தீர்மானம் போட்டது. மறுத்த போதகர் சூ கிசொல் 1944-இல் சிறையிலேயே இறந்தார். எழுப்புதல் கண்ட சபை முப்பது வருடத்தில் வளையவும் கூடும், அதே சபையிலிருந்து வளையாத ஒருவர் வரவும் கூடும்.

இனி, 'தேசப் புதுப்பிப்பு' என்ற பேச்சையே சந்தேகத்தோடு பார்க்க என்னைப் பழக்கிய வருடம் 1933. முதல் உலகப் போரில் தோற்று, வேலையின்மையிலும் அவமானத்திலும் தவித்த ஜெர்மனியில் ஹிட்லர் வந்தபோது, ஏராளமான புராட்டஸ்டன்ட் சபையார் அதைத் தேசத்தின் விழிப்பு என்றே நம்பினார்கள். ஒழுக்கம் திரும்பும், நாத்திகக் கம்யூனிசம் ஒழியும், ஆலயங்கள் நிறையும் என்று நினைத்தார்கள். கொஞ்ச காலம் ஆலயங்கள் நிறையவும் செய்தன. அந்த ஜூலையில் நடந்த சபைத் தேர்தலில் நாஜிகளை ஆதரித்த 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' அணி சுமார் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தது. நவம்பரில் பெர்லின் விளையாட்டு அரங்கில் கூடிய அவர்கள் கூட்டத்தில் பழைய ஏற்பாட்டையே தூக்கியெறியச் சொல்லிக் கேட்டார்கள். பின்னாளில் ஹிட்லரை எதிர்த்துச் சிறைக்குப் போன போதகர் மார்ட்டின் நீமோலரே தொடக்கத்தில் அந்த மாற்றத்தை வரவேற்றவர். அந்த அணியை எதிர்த்து 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடிய சபையார் கிறிஸ்து ஒருவரைத் தவிர வேறு எந்தத் தலைவனையும் சபையின் ஆண்டவனாக ஏற்க மாட்டோம் என்று அறிக்கை வெளியிட்டார்கள். இறையியலாளர் கார்ல் பார்த் எழுதிய வரைவு அது. ஆனால் அந்தத் துணிச்சலான அறிக்கையிலும் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைத் தன் குற்றமாகப் பார்த் பிறகு ஒப்புக்கொண்டார். அங்கே என்ன தவறிப்போனது என்று கேட்டால், தேசம் நிமிர வேண்டும் என்பது நோக்கமாகிவிட்டது, கிறிஸ்து அதற்குக் கருவியாகிவிட்டார் என்பேன். யாருடைய பாவத்தால் நாடு இப்படி ஆனது என்ற கேள்விக்கு அவர்கள் தங்களைக் காட்டாமல் அண்டை வீட்டாரைக் காட்டினார்கள்.

ஜெபமே இரண்டு பக்கமும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் லிங்கனும் உபவாச நாள் அறிவித்தார், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்கின் ஜெஃபர்சன் டேவிசும் அறிவித்தார். கடவுளின் பெயர் இல்லாதது வாஷிங்டனின் அரசியலமைப்பு, முகவுரையிலேயே சர்வவல்லவரை அழைத்தது தெற்கின் அரசியலமைப்பு. சட்டப் புத்தகத்தில் ஆண்டவர் பெயர் ஏறிவிட்டால் நாடு திரும்பிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான். இரு தரப்பும் ஒரே வேதத்தை வாசித்து ஒரே கடவுளிடம் ஜெபிக்கிறார்கள் என்று 1865 மார்ச்சில் பேசிய லிங்கன், போரைத் தெற்கின் மேல் மட்டும் வந்த தண்டனையாகப் பார்க்கவில்லை, அடிமைமுறைக்காக இரண்டு பக்கத்தின் மேலும் வந்ததாகப் பார்த்தார். வெற்றி கையருகே இருந்த நேரத்தில் ஒரு தலைவர் அப்படிப் பேசியது அரிது.

ருவாண்டாவைப் பற்றி எழுத மனம் கனக்கிறது, ஆனால் விட்டுவிட முடியாது. கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதல் 1930-களில் அந்த நாட்டின் கஹினி மிஷன் வளாகத்தில்தான் பற்றியது. பாவ அறிக்கைக்குப் பெயர்போன இயக்கம். 1994-இல் பெரும்பான்மையோர் ஞானஸ்நானம் பெற்றிருந்த அதே நாட்டில் ஏறத்தாழ நூறு நாட்கள் நடந்த இனப்படுகொலையில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், பலர் அடைக்கலம் தேடிய ஆலயங்களுக்குள்ளேயே. எழுப்புதலில் வளர்ந்த சிலர் தங்கள் உயிரைக் கொடுத்து மறைத்துக் காத்ததும் உண்மை. ஆனால் தனிமனிதப் பாவங்களை அறிக்கையிட்ட சபைகள் இனப்பகை என்ற பாவத்தை ஜெபத்துக்குள் கொண்டுவராமல் விட்டதற்கு அந்த ஆலயங்களே சாட்சி.

இதெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் விசுவாசத்தால் ஒரு நாட்டுக்கு நன்மையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் உறுதியாகச் சொல்லக்கூடியது எது, ஊகம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் எழுப்புதல்தான் இங்கிலாந்தை பிரெஞ்சுப் புரட்சி மாதிரி ஒன்றிலிருந்து காப்பாற்றியது என்பது எலி அலெவி என்ற வரலாற்றாசிரியரின் கருத்து. நூறு வருடத்துக்கு மேலாக விவாதத்தில் இருக்கிறது, முடிந்தபாடில்லை. அதைப் பிரசங்கத்தில் உண்மைபோலச் சொல்லாதீர்கள். ஆனால் வெஸ்லி 1774-இல் அடிமைமுறைக்கு எதிராக எழுதியதும், குவேக்கர்கள், எவாஞ்சலிக்கல்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் முன்னின்று உழைத்து 1807-இல் அடிமை வணிகமும் 1833-இல் அடிமைமுறையும் சட்டப்படி ஒழிந்ததும் உறுதி. ஒரு தலைமுறைக்கு மேல் பிடித்த வேலை அது. அப்போதும்கூட இரண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு எஜமான்களுக்குத்தான் போனது, அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. பார்படோஸ் தீவில் கோட்ரிங்டன் தோட்டத்தை வைத்திருந்தது சுவிசேஷம் பரப்ப ஏற்பட்ட ஒரு ஆங்கிலிக்கன் சங்கமே. தொடக்க காலத்தில் அங்கே அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயரைச் சூடு போட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபை இதற்காக மன்னிப்புக் கேட்டது 2006-இல்.

கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் இருந்த லைப்சிக் நகரத்தின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே நிக்கோலஸ் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சமாதான ஜெபம் நடந்தது. பல வாரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் வந்தார்கள். 1989 அக்டோபர் 9 அன்று சுமார் எழுபதாயிரம் பேர் மெழுகுவர்த்தியோடு தெருவில் இறங்கினார்கள். ஒரு கையில் மெழுகுவர்த்தி, காற்றில் அணையாமல் காக்க மறு கை. கல்லெடுக்கக் கை இல்லை. படை தயாராக நின்றும் சுடவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. ஜெபம் அந்தக் கூட்டத்தை வன்முறையில்லாமல் வைத்திருந்தது என்று அங்கே இருந்தவர்களே சாட்சி சொல்கிறார்கள், அதை ஏற்கிறேன். சுவர் விழுந்ததற்கு ஹங்கேரி எல்லையைத் திறந்ததும், சோவியத் தலைவர் கொர்பச்சேவின் போக்கும், ஓட்டாண்டியான பொருளாதாரமும் காரணங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: விடுதலைக்குப் பிறகு அந்த மக்கள் சபைக்குத் திரும்பவில்லை. கிழக்கு ஜெர்மனி இன்றும் உலகில் மதப்பற்று மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று. சபை நாட்டுக்குச் செய்த நன்மை சபையின் எண்ணிக்கையாகத் திரும்பி வரவில்லை. அதனால் அந்த நன்மை குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

இப்போது உங்கள் கடைசி வரி. நாடு மாறாவிட்டால் எங்கள் ஜெபத்தில் குறையா? யோசியா ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 622 வாக்கில் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்ததும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான், உல்தாள் தீர்க்கதரிசியிடம் ஆளனுப்பினான், தேசம் முழுவதையும் சுத்திகரித்தான். அவனைப்போல முழு இருதயத்தோடு கர்த்தரிடம் திரும்பின ராஜா அவனுக்கு முன்னும் பின்னும் இல்லை என்று 2 இராஜாக்கள் 23:25 சொல்கிறது. அடுத்த வசனமே, ஆனாலும் கர்த்தருடைய கோபம் யூதாவைவிட்டுத் திரும்பவில்லை என்கிறது. அவன் மெகிதோவில் கொல்லப்பட்டான். சில பத்தாண்டுகளுக்குள் எருசலேம் எரிந்தது. அவன் ஜெபம் குறைவுபட்டது என்று வேதம் சொல்லவே இல்லை. எரேமியா அவனை நினைவுகூர்ந்தபோது சிறுமையும் எளிமையுமானவனின் நியாயத்தை விசாரித்தான், அதுவல்லவா கர்த்தரை அறிகிற அறிவு என்றுதான் எழுதுகிறார். தேசம் பிழைத்ததா என்பதை அளவுகோலாக அவர் எடுக்கவில்லை. கி.பி. 410-இல் ரோம் சூறையாடப்பட்டபோது, கிறிஸ்தவர்களால்தான் நாடு அழிந்தது என்ற பழிக்குப் பதில் எழுத உட்கார்ந்த திருச்சபைப் பேராயர் அகஸ்டினும் ஏறத்தாழ இதையே சொன்னார்: ரோமின் விதியும் கடவுளுடைய நகரத்தின் விதியும் ஒன்றல்ல. ஆகவே அந்தக் குற்ற உணர்ச்சியை யார் உங்கள் தலையில் வைத்திருந்தாலும் இறக்கி வையுங்கள். 1939 செப்டம்பரில் போலந்தின் ஆலயங்களிலும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். அவர்கள் விசுவாசம் குறைவு என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

உபவாசக் கூட்டத்துக்குப் போங்கள், விட வேண்டாம். முடிந்தால் உங்கள் போதகரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ஒரு வாரம் 2 நாளாகமம் 7-ஐ வாசிக்கும்போது நெகேமியா 5-ஐயும் சேர்த்து வாசிக்கலாமா என்று. அன்றைக்கு ஆட்சியாளர்களின் பெயரை எடுக்காமல் ஜெபியுங்கள். சபைக்குள் யாருக்கு யார் கடன் கொடுத்து என்ன வட்டி வாங்குகிறார்கள், நம் வீட்டில், கடையில், நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நாம் பிடித்து வைத்திருக்கும் கூலி எவ்வளவு, நெருக்கடியில் விலை ஏறும் என்று பதுக்கியது என்ன, எந்தச் சாதியாரை, எந்த இனத்தாரை நம் பந்தியில் சேர்க்கத் தயங்குகிறோம் என்று ஒவ்வொருவரும் தன் கணக்கைப் பார்க்கட்டும். திருப்பிக் கொடுக்க வேண்டியதற்கு நெகேமியா சொன்ன தேதியையே வையுங்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறையலாம். அதை எதிர்பார்த்தே போதகரிடம் பேசுங்கள், அவரும் முதலில் தயங்குவார்.